மேளம் நின்ற நாள் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் என் மொபைலை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னக்கா, எங்களை அம்பேத்கர் படிக்கச் சொல்லிட்டு நீங்க பஞ்சாங்கம் படிக்கிறீங்க?”

அது பஞ்சாங்கம் இல்லை, ஆனால் பஞ்சாங்கத்தின் தூரத்துச் சொந்தம். பி.வி. ஜகதீச ஐயர் 1921-இல் தென்னிந்தியப் பண்டிகைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் ஸ்கேன். அதற்கு முன்பே 1903-இல், ‘தீனதயாளு’ நாவலை எழுதிய நடேச சாஸ்திரியும் விரதங்கள், பண்டிகைகள், சடங்குகள் பற்றி இப்படி ஒரு ஆங்கிலப் புத்தகம் போட்டிருக்கிறார். இங்கிலாந்தில் இது இன்னும் பழைய வகை. வில்லியம் ஹோன் 1825-இல் ஆரம்பித்த ‘எவ்ரி-டே புக்’, ராபர்ட் சேம்பர்ஸ் 1864-இல் வெளியிட்ட ‘புக் ஆஃப் டேஸ்’ இரண்டிலும் ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 வரை நாள் நாளாகச் செய்தி உண்டு. இந்த நாளில் யார் பிறந்தார், யார் செத்தார், எந்த ஊரில் என்ன வழக்கம், எந்தப் பூ பூக்கும், எந்தப் பலகாரம் சுடுவார்கள் என்று எல்லாம் இருக்கும்.

தம்பியின் கிண்டலுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்கும். சமூகவியல் படித்த காலத்தில் இவற்றை ‘மேல்சாதித் தொகுப்பு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவைத்தேன். களப்பணிக்கு வந்த பிறகு பேருந்தில் இவற்றைத்தான் படிக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், எங்கே வேண்டுமானாலும் மூடலாம். இன்றைய தேதியைத் தேடிப் போனால் இந்த நாளுக்கு முன்னாலும் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. தடித்த வரலாற்று நூல்களில் ராஜாக்கள் மட்டும் வருவார்கள். இங்கே எண்ணெய்க் குளியலும் வருகிறது, கொழுக்கட்டையும் வருகிறது.

அதோடு எங்கள் வீட்டில் இருந்த முதல் வரலாற்றுப் புத்தகமே ஒரு சிவகாசி தினசரி காலண்டர்தான். மளிகைக் கடையில் சும்மா கொடுத்தது. ராகு காலம், எமகண்டம், பல்லி விழும் பலன் எல்லாம் அதில் உண்டு. அப்பா எதையும் நம்பமாட்டார், ஆனால் காலையில் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பார். மாடு சினைக்கு விட்ட தேதி, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, கொத்தனாருக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அந்தத் தாள்களின் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். கிழித்த தாளை அம்மா அடுப்புக்குப் போட்டுவிடுவார். எங்கள் குடும்பத்தின் ஆவணக் காப்பகம் அன்றாடம் எரிந்தது இப்படித்தான்.

ஆகவே ஈர்ப்பு பொய் இல்லை. பழமை மோகம் என்று சொல்லி அதைக் கடந்துவிடவும் முடியாது. நாளுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பது மனிதர்களின் நியாயமான ஆசை. அந்தக் காரணத்தை யார் எழுதிவைத்தார்கள் என்பதில்தான் நம் வம்பு தொடங்குகிறது.

இந்த வகைப் புத்தகங்களில் எதையாவது எடுத்து, நம் ஆட்கள் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். தேர் இழுக்கப்படும். பறை அறையப்படும். பந்தல் போடப்படும். எல்லாமே ‘படும்’தான். இழுத்தது யார், அறைந்தது யார், போட்டது யார் என்று வாக்கியத்தில் இருக்காது. சாமியின் பெயர் இருக்கும், நட்சத்திரத்தின் பெயர் இருக்கும், நைவேத்தியத்தின் பெயர்கூட இருக்கும். ஆள் இருக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினையை இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அது எவ்வளவு பெரிய சாதி ஏற்பாடு என்பதை இந்தப் புத்தகங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

இத்தனைக்கும் நாளைக் கணக்கிட்டதிலும் அறிவித்ததிலும் நமக்குப் பெரிய பங்கு உண்டு. மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. இருபத்தெட்டு நாள் இந்திர விழா வருகிறது என்று யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஊருக்கு அறிவிக்கிறார் ஒருவர். அவரைப் பழைய குடியில் பிறந்தவர் என்று மரியாதையோடுதான் சாத்தனார் அறிமுகம் செய்கிறார். வேறு இலக்கியங்களில் இந்த அறிவிப்பு வேலை வள்ளுவருக்கு உரியதாக வருகிறது. அந்த வள்ளுவர் சமூகம் இன்று தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று. சோதிடமும் நாள் கணிப்பும் அவர்களின் மரபான தொழில். ஜாதகம் எழுதிக்கொள்ள மேல்தெருக்காரர்களும் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாள் பார்க்கத் திண்ணை வரை வருவார்கள், பார்த்த நாளில் நடக்கும் கல்யாணத்துக்கு வள்ளுவர் எங்கே உட்கார வேண்டும் என்பது வேறு கணக்கு.

யானை மேல் இருந்த முரசு ஊர்த் தெருவில் தண்டோராவாக இறங்கியது. கிராமசபை, ரேஷன், வெள்ள அபாயம் என்று எதுவாக இருந்தாலும் நம் ஆள் ஒருவர் தப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா முறை இனி வேண்டாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து ஆண்டு ஆன அதே மாதம்.

என் அன்றாட வேலையிலும் இந்த நாள் கணக்கு வந்து நிற்கும். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதும்போது பிறந்த தேதி கேட்டாக வேண்டும். நம் தெருக்களில் ஆதார் அட்டைகளை வாங்கிப் பாருங்கள், எத்தனை பேருக்கு ஜனவரி 1! தேதி தெரியாதவர்களுக்கு இயந்திரம் தரும் பிறந்தநாள் அது. அதற்கு அடுத்த தலைமுறைக்கு மே, ஜூன். தலைமையாசிரியர் குழந்தையின் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று பின்னோக்கி எண்ணிப் போட்ட தேதி. என் அம்மாவுக்கும் அப்படித்தான். அவர் உண்மையில் பிறந்தது கடலை பறிக்கிற காலத்தில் என்று அம்மாயி சொல்வார். கடலை பறிக்கிற காலத்துக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நாள் என்பது சொத்தும்கூட. திருவிழாப் பத்திரிகையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். முதல் நாள் மண்டகப்படி இன்னார், இரண்டாம் நாள் இன்னார், எட்டாம் நாள் இன்னார். பத்து நாள் திருவிழாவில் பத்து நாளும் பங்கு போட்டாயிற்று. அதில் நமக்கு ஒரு நாள் கேட்டால் ஊர் அமைதி கெட்டுவிடுகிறது. கேட்பது ஒரு நாள்தான், ஒரு செண்ட் நிலம்கூட இல்லை. ஆனால் நாளைக் கொடுத்தால் வரலாற்றில் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டைக்கு அருகில் இருக்கிறது கண்டதேவி. அங்கே ஆனித் தேரோட்டம் பிரசித்தம். தேர் வடம் நான்கு நாட்டாருக்கு உரியது என்பது ‘வழக்கம்’. நாங்களும் வடம் பிடிப்போம் என்று தலித் மக்கள் கேட்டது 1998-இல் பெரிய பிரச்சினையாக வெடித்தது. வழக்கு, தடை, பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போய், பின்னர் பல ஆண்டுகள் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் நீதிமன்றம் தலையிட்டு, பெரிய போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. இந்தக் கால் நூற்றாண்டுக் கதையை ஒரு பழைய பண்டிகை நூலில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன எழுதுவார்கள்? ‘ஆனி மாதம் கண்டதேவியில் தேர் இழுக்கப்படும்.’ அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் 26. முத்துக்காடு ஊராட்சி, இறையூர் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்த நாள். மறுநாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். அதுவரை உள்ளே போகாத அய்யனார் கோயிலுக்கு மக்களை அழைத்துப் போனார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது தெரிந்து வழக்குப் போட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரணை நடந்து, 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களையே குற்றம்சாட்டியது. தெரு அதை ஏற்கவில்லை, போராட்டத்தில் உட்கார்ந்தது. டிசம்பர் 26 என்ற நாளுக்கு அரசு எழுதியிருக்கும் குறிப்பு ஒன்று, தெரு வைத்திருக்கும் குறிப்பு வேறொன்று. நாள் புத்தகம் யார் கையில் என்பது பழங்கால விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இதை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்ட ஒருவர் நமக்கு இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19-இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914-இல் அவர் இறக்கும்வரை எழுதியவற்றை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். பண்டிதர் திரும்பத் திரும்ப நாள்களைப் பற்றி எழுதுகிறார். வாசகர் ஒருவர், இந்தப் பண்டிகை ஏன் இந்த நாளில் வருகிறது என்று கேட்கிறார். பண்டிதர் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறார்.

தீபாவளி என்பது நரகாசுரனைக் கொன்ற நாள் இல்லை, பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதைத் தேய்த்துத் தீபவதி என்ற ஆற்றில் முழுகிய நாள் என்கிறார். கார்த்திகை தீபம், ஆமணக்கு நெய்யை விளக்கெரிக்கப் பயன்படுத்தலாம் என்று கண்டு மலை உச்சியில் ஏற்றிப் பார்த்த நாள். சங்கராந்தி, புத்தரின் இறுதி நாளை நினைக்கும் ‘சங்கரர் அந்திய’ புண்ணிய காலம். ஒவ்வொரு நாளாகக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் கதையை உரித்து, கீழே வேறொரு கதை இருக்கிறது என்று காட்டுகிறார்.

பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை மறக்கக் கூடாது. அவர் கண்ணுக்கு எண்ணெய் தெரிகிறது, பருவம் தெரிகிறது, உடம்பு தெரிகிறது. ஒரு கொலையைக் கொண்டாடும் நாளை, ஒரு எண்ணெயைக் கண்டுபிடித்த நாளாக மாற்றுகிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். நம்மை அசுரன் பக்கம் நிறுத்தி அழவைக்கவும் இல்லை, தேவர் பக்கம் நிறுத்திக் கைதட்டவைக்கவும் இல்லை. கொலையையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்.

இப்போது கொஞ்சம் சண்டை போட வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் குழுக்களில் பண்டிதரின் விளக்கம் ‘இதுதான் உண்மை வரலாறு’ என்ற தலைப்போடு சுற்றுகிறது. நான் அப்படிப் பகிர்வதில்லை. எள் நெய் கண்டுபிடித்த நாள் ஐப்பசியில் இன்ன தேதி என்பதற்குக் கல்வெட்டோ, சுவடியோ, வேறு சான்றோ என்னிடம் இல்லை. ‘தீபவதி’ திரிந்து ‘தீபாவளி’ ஆனது என்பதும் சொல்லாய்வில் நிற்காது. இதைச் சொன்னதற்காக ஒரு தோழர் என்னிடம் கோபித்துக்கொண்டார். “அவங்க புராணத்தையே வரலாறுன்னு பாடப்புத்தகத்துல போடுறாங்க. நாம சொன்னா மட்டும் ஆதாரம் கேட்பீங்களா?”

கோபம் நியாயம். ஆனால் நான் கேட்பேன். அவர்களுக்குக் கோயில் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது, டிவி இருக்கிறது, ஆதாரம் இல்லாமலே அவர்கள் சொல்வது நிற்கும். நாம் நாளை நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் நிற்க வேண்டியவர்கள். அங்கே நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் சான்று. அம்பேத்கர் 1948-இல் ‘தீண்டப்படாதோர்’ எழுதியபோது, இது ஒரு கருதுகோள், இந்த இடத்தில் சான்று இல்லை, இங்கே ஊகம் செய்கிறேன் என்று முன்னுரையிலேயே திறந்து வாதிட்டார். அதனால் அந்த நூல் சிறுத்துப்போகவில்லை. பண்டிதரின் விளக்கங்களை, நாளுக்குக் காரணம் சொல்லும் உரிமையைக் கைப்பற்றிய செயலாகப் படியுங்கள். 1907-இல் சேரியில் இருந்த ஒரு வாசகர், ‘இந்த நாள் ஏன்?’ என்று அச்சில் கேட்கவும் அச்சில் பதில் வாங்கவும் முடிந்ததே, அது மறுக்க முடியாத வரலாறு. அதைப் பகிருங்கள்.

நாள்காட்டியில் அரசியல் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். தைத் முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் வந்தது, 2011-இல் ஆட்சி மாறியதும் சித்திரைக்கே திரும்பியது. நாடு முழுவதற்கும் நாள்காட்டியைச் சீர்திருத்த 1952-இல் அமைத்த குழுவுக்குத் தலைவர் இயற்பியலாளர் மேகநாத் சாகா. கல்லூரி விடுதியில் சாதிக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர். நாட்டுக்கே பஞ்சாங்கம் திருத்தியது அவர்தான்.

சரி, நம்மிடம் இப்போது இருக்கும் நாள் புத்தகம் எது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். மார்ச் 20 மகத் சவுதார் குளம். ஏப்ரல் 14. ஜூன் 30 மேலவளவு. ஜூலை 23 தாமிரபரணி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன். அக்டோபர் 14 தீட்சா பூமி. டிசம்பர் வந்தால் மூச்சு விட முடியாது: 6 அம்பேத்கர் நினைவு நாள், 24 பெரியார், 25 மனுஸ்மிருதி எரிப்பும் அதே நாளில் கீழ்வெண்மணியும், இப்போது 26 வேங்கைவயல். எல்லாமே வேண்டும், ஒன்றையும் விடச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், ஒன்று தலைவர்கள் பிறந்த நாள், இல்லையென்றால் நாம் செத்த நாள். நடுவில் நாம் வாழ்ந்த நாள் எங்கே?

இதற்கு வில்லியம் ஹோனிடம் கொஞ்சம் கற்கலாம் என்று நினைக்கிறேன். அவர் பழமை விரும்பிப் பண்டிதர் இல்லை. அரசையும் தேவாலயத்தையும் கேலி செய்து பிரசுரம் போட்டதற்காக 1817 டிசம்பரில் மூன்று நாள் தொடர்ந்து மூன்று வழக்கில் நின்று, தனக்குத் தானே வாதாடி, மூன்றிலும் விடுதலையான லண்டன் பதிப்பாளர். அந்த ஆள்தான் பின்னால் நாள் புத்தகம் போட்டார். வாராவாரம் விலை குறைந்த சிறு இதழாக வந்தது. வாசகர்கள் தங்கள் ஊர் வழக்கங்களைக் கடிதமாக எழுத, அவற்றையும் சேர்த்தார். மே 1-ஆம் தேதியில் புகைபோக்கி துடைப்பவர்களின் ஆட்டம் இருக்கிறது. சிறு பையன்களைச் சூடான புகைபோக்கிக்குள் ஏற்றி வேலை வாங்கிய காலம் அது. வருடத்தில் அந்த ஒரு நாள் அவர்கள் காகிதப் பூவும் வண்ணமும் பூசித் தெருவில் ஆடிக் காசு கேட்பார்கள். மலக்குழியில் இறங்கச் சொல்லப்படும் நம் ஆட்களை நினைக்காமல் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது.

ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு குறை எனக்குத் தெரிந்தது. ஆட்டம் பதிவாகியிருக்கிறது. பையன்களை ஏற்றும் வழக்கம் 1875-இல் வந்த சட்டத்தோடுதான் ஒழிந்தது. ஹோனும் சேம்பர்ஸும் அதற்கு முன்பே எழுதிவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகை நூல்களின் குணமே அதுதான். ஒரு வழக்கம் எத்தனை பழையது, எப்போது ஆரம்பித்தது என்று தேடித் தேடி எழுதுவார்கள். எந்த நாளில் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று எழுதமாட்டார்கள். வழக்கம் நின்றுபோவது அவர்களுக்கு வருத்தம், நமக்கு அதுதான் திருவிழா.

நம் மாவட்டத்தின் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. மேல்தெருச் சாவுக்கு மேளம் அடிப்பதை நிறுத்திய நாள். ஊர் ஊராக நடந்து சாவுச் சேதி சொல்லப் போகமாட்டேன் என்ற நாள். செத்த மாட்டைத் தூக்க மறுத்த நாள். 1927 மகத் மாநாட்டில் அம்பேத்கர் கேட்டுக்கொண்டதை அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் செய்தவர்கள் உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு முதன்முதலில் மந்தையைத் தாண்டிய நாள். தனிக் குவளையைத் தூக்கி எறிந்த நாள். இவை எதுவும் பஞ்சாங்கத்தில் இல்லை, மாவட்ட கெசட்டியரில் இல்லை, கட்சி வரலாற்றிலும் பெரும்பாலும் இல்லை. செய்தவர்கள் எழுபது, எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு ஒரு நாள் புத்தகம் எழுதினால் என்னென்ன வரும் என்று நானே ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். மார்ச் 3: 1948-இல் தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. நவராத்திரி: அரண்மனை தர்ம அரிசியோடு அம்மன் காசு கொடுத்த காலம், வரிசையில் யார் எங்கே நின்றார்கள் என்ற கேள்வியோடு சேர்த்து. ஜனவரி தொடக்கம்: தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. அதைத் தொடர்ந்து ஊர் ஊராக வாடிவாசல், எந்த ஊரில் யார் காளைக்கு முதல் மரியாதை என்ற குறிப்போடு. ஜனவரி 14: 1974-இல் மாவட்டம் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றது. அதே காலத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டது. கூலிக்குக் கல் உடைத்தவர்கள், அவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர், குத்தகைதாரர் ஆனது. 2018 நவம்பர் 16 கஜா: எந்தத் தெருவுக்கு மின்சாரம் கடைசியாக வந்தது.

சேகரிக்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு விஷயம். ‘எந்தத் தேதி?’ என்று கேட்காதீர்கள், பெரியவர்கள் பயந்து, ‘எனக்கு என்னத்தைத் தெரியும்’ என்று விடுவார்கள். வயலில் என்ன நின்றது, கண்மாயில் தண்ணீர் இருந்ததா, எந்தத் தலைவர் செத்த வருடம், மூத்த மகனுக்கு அப்போது எத்தனை வயது என்று கேளுங்கள். இன்னொன்று, பெயர் போடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். அவர்கள் எதிர்த்து நின்றவர்களின் பேரன்கள் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், கூலிக்கும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்றும் வரும். இன்று நம் பிள்ளைகள் மேடையில் பறை அடிக்கிறார்கள். அது கலை, அது பெருமை, நானும் கைதட்டுகிறேன். ஆனால் அதே பறையைத் தொடமாட்டேன் என்று வைத்தவர்கள் முந்திய தலைமுறை. யாராவது ஒருவரைச் சரி என்றும் மற்றவரைத் தவறு என்றும் எழுதிவிடாதீர்கள். இரண்டு நாளையும் எழுதுங்கள்.

போன ஞாயிறு எங்கள் பக்கத்து ஊர் அப்பாயி ஒருவரிடம் உட்கார்ந்திருந்தேன். பேச்சு வேறு எங்கோ போய், மேளத்துக்கு வந்தது. மேல்தெருவில் ஒரு பெரிய சாவு. அடி பத்தவில்லை என்று ஒருவன் இவர் வீட்டுக்காரரைச் செருப்பால் அடித்திருக்கிறான்.

“ஒண்ணுமே பேசல ஆயி. வந்தாரு. மேளத்தை எரவாணத்துல மாட்டுனாரு. அதுக்குப் பெறகு இந்தத் தெருவுல ஒருத்தரும் எடுக்கல.”

அந்த அறுவடைக்குக் களத்தில் இவர்களுக்கு நெல் அளக்கவில்லை. களத்தில் கொடுக்கும் அந்தப் பங்குக்குப் பழைய ஆவணங்களில் ‘சுதந்திரம்’ என்று பெயர். அது நின்றது. ஆண்கள் மேளத்தை நிறுத்தினார்கள், பெண்கள் இரண்டு வருடம் வெளியூருக்குக் கல் உடைக்கப் போய் அடுப்பெரித்தார்கள். அப்பாயி இதைச் சொல்லும்போது குரலில் புகாரும் இல்லை, பெருமையும் இல்லை. நான் எழுதிக்கொண்டேன்.

“எந்த வருசம் அப்பாயி?”

“எம்ஜியாரு செத்து ரெண்டு மாசம் இருக்கும். மாசி.”

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. அப்படியானால் பிரபவ வருடம் மாசி. அறுபது வருடச் சுற்றில் முதல் வருடம்.

“கெழமை?”

“செவ்வா. அன்னிக்கிச் சந்தை. சந்தைக்குப் போவாம உக்காந்திருந்தமே.”

மாசியில் நாலு செவ்வாய். எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மகத்துக்கு முன்னாடி செவ்வா. மகத்தன்னிக்கி எங்க நாத்தனா வந்து, என்னடி வீட்டுல ஒரு மணி அரிசி இல்லையான்னு கேட்டா.”

வீட்டுக்கு வந்து பழைய வருடப் பஞ்சாங்கக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் தம்பி பார்த்திருந்தால் மறுபடி சிரித்திருப்பார். மாசி மகத்துக்கு முந்திய செவ்வாய், 1988 மார்ச் 1. நோட்டில் மார்ச் மாதத்துக்கு முதல் குறிப்பாக எழுதினேன். தெருவின் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு போய் அப்பாயியிடம் கேட்க வேண்டும்.